சம்பளம் எந்த ஹெட்டில் வருகிறது என்று முதலில் கேள், அம்மிணி

கேள்வி: ஐயா, எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம். இந்த வருஷம் பி.காம். முடித்தேன். அக்கா எம்.ஏ. தமிழ், பி.எட். முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறாள். மத்திய அரசு நிதியைக் குறைத்துவிட்டது, கேரள அரசிடம் பணமில்லை, இனி அரசு வேலையே கிடையாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்பா கோயமுத்தூரில் ஏதாவது கம்பெனியில் சேரச் சொல்கிறார். நான் கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணித் தேர்வாணையம்) பரீட்சைக்குப் படிப்பதா, வேலைக்குப் போவதா?

பதில்:

இரண்டையும் செய், அம்மிணி. வேலைக்குப் போய்க்கொண்டே பரீட்சை எழுது. ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று யார் சொன்னாலும் கேட்காதே. "இனி அரசு வேலையே கிடையாது" என்ற பேச்சில் பாதி உண்மை, பாதி தப்பு. எது எந்தப் பாதி என்று தெரியாமல் நம் ஊர்ப் பிள்ளைகள் மூன்று வருஷம், நான்கு வருஷம் என்று தொலைப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நான் பாலக்காடு மாவட்டத்தில் 28 வருஷம் அரசு வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி பில் செக்‌ஷன். ஊழியர்களின் சம்பள பில்லைத் தயார் செய்து ட்ரஷரிக்கு அனுப்புகிற வேலை. 2024 மே 31-ல் ஓய்வு பெற்றேன். (கேரளத்தில் ஒவ்வொரு வருஷமும் மே 31 அன்று ஆயிரக்கணக்கான பேர் ஒன்றாக ஓய்வு பெறுவார்கள். பள்ளியில் சேர்க்கும்போது வயது பொருந்துவதற்காக மே மாதத்தில் பிறந்ததாக எழுதிக்கொடுத்த காலத்தின் மிச்சம் அது. உனக்கு இது முக்கியம், பின்னால் சொல்கிறேன்.) இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர் வாசகசாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன்.

பில் எழுதுகிறவனுக்கு மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். வேலை ஒன்றுதான். ஆனால் ஒருவருடைய சம்பளம் ஸ்பார்க் என்கிற அரசுச் சம்பள மென்பொருள் மூலமாக, பென் என்கிற ஊழியர் நம்பருக்கு நேராக, மாதம் பிறந்தால் வந்து நிற்கும். இன்னொருவருடையது ஏதோ ஒரு திட்டத்தின் கணக்கில் பணம் வந்து சேர்ந்தால்தான் வரும். கணக்குத் தலைப்பை நாங்கள் ஹெட் என்போம். முதல் ஆள் சம்பள ஹெட்டில் இருக்கிறார், இரண்டாவது ஆள் திட்ட ஹெட்டில் இருக்கிறார். நிதி வெட்டு என்று பேப்பரில் வரும்போது, முதலில் அடிபடுவது இந்த இரண்டாவது ஆள்தான். முதல் ஆளுக்கு டி.ஏ. (அகவிலைப்படி) பாக்கி நிற்கும், சம்பளத் திருத்தம் தள்ளிப்போகும்; வேலை போகாது.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நான் இருந்த ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி வேலைக்கு வந்தான். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் வழியாக வரும் தற்காலிக வேலைக்கு 179 நாள்தான் கணக்கு. அவனுக்கும் அதே கணக்கை வைத்து, 179 நாள் முடிந்ததும் ஒரு நாள் பிரேக் விட்டு மறுபடி புதிதாக எடுப்பார்கள். அந்த ஒரு நாள் அவன் வீட்டில் இருக்க மாட்டான். அலுவலகத்துக்கு எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் டிஃபன் பாக்ஸோடு உட்கார்ந்திருப்பான். மறுநாள் எடுப்பார்களா என்று அவனுக்கு உறுதி கிடையாது. இப்படி நான்கு வருஷம். கடைசியில் ஒரு ஏப்ரல் மாதம் திட்டத்துக்குப் பணம் வரவில்லை, அவனையும் எடுக்கவில்லை. அதற்குள் வயது 33. நான்கு வருஷமும் "இங்கேயே நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள்" என்ற நம்பிக்கையில் ஒரு பி.எஸ்.சி. விண்ணப்பம்கூட ஒழுங்காகப் போடவில்லை. கெட்டிக்காரப் பையன். ஸ்பார்க்கில் எனக்கே தெரியாத வழியெல்லாம் அவனுக்குத் தெரியும். அவனிடம் முதல் மாதமே உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. உனக்கு இவ்வளவு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பணம் ஏன் இல்லை? கேரளத்தின் கை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்த வேலை வரும், எந்த வேலை வராது என்று கணிக்க முடியும். மத்திய வரிகளில் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற தொகையில் கேரளத்தின் பங்கு 10-வது நிதிக் குழுவின் காலத்தில் 3.875 சதவீதம். 15-வது நிதிக் குழு அதை 1.925 ஆக்கியது. ஜி.எஸ்.டி. இழப்பீடு 2022 ஜூனோடு நின்றது. வருவாய்ப் பற்றாக்குறை மானியமாக 2021-22 முதல் மூன்று வருஷத்துக்கு 37,814 கோடி வந்தது. அதுவும் 2023-24-ல் முடிந்தது. கட்டுமானத் திட்டங்களுக்காகக் கேரள அரசு வைத்திருக்கிற கிஃப்பி நிறுவனம் வாங்கிய கடனையும் மாநிலத்தின் கடனாகவே கணக்கில் எடுத்து, கடன் வாங்கும் வரம்பை மத்திய அரசு சுருக்கியது. கேரளம் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஏப்ரல் 1-ல் வழக்கை அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பினார்கள். அதற்கு முந்தைய மார்ச் மாதத்தில் சம்பளம் கணக்கில் ஏறியதாகக் காட்டியது, எடுக்க முடியவில்லை. அப்புறம் ஒரு நாளைக்கு 50,000 ரூபாய் வரைதான் எடுக்கலாம் என்றார்கள். நிரந்தர ஊழியர்களுக்கே அந்த நிலை என்றால் திட்டத்தில் வேலை செய்பவர்களின் கதியைச் சொல்லவே வேண்டாம்.

திட்ட வேலைகளில் பெரியவை எல்லாம் 60:40. மத்திய அரசு 60, மாநிலம் 40. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்‌ஷாவும், தேசிய சுகாதாரத் திட்டமான என்.எச்.எம்.மும் இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன. மேலே இருப்பவர்களுக்குள் சண்டை வந்தால் 60 நிற்கும்; 60 நின்றால் 40-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மாநிலம் தடுமாறும். மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம்.ஸ்ரீயில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தமிழ்நாட்டுக்கு 2024-25-ல் வரவேண்டிய 2,152 கோடியை நிறுத்தினார்கள். கேரளத்துக்கும் அதே காரணத்தால் நின்றது. 2025 அக்டோபரில் கேரளம் கையெழுத்துப் போட்டு, கூட்டணிக்குள் எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைக்க முடிவெடுத்தது. இடையில் அகப்பட்டவர்கள் யார்? வட்டார வள மையங்களான பி.ஆர்.சி.களில் ஒப்பந்தத்தில் இருக்கிற சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், ஓவியம், உடற்கல்வி சொல்லிக் கொடுக்கிறவர்களும். எல்லோரும் டிகிரி முடித்தவர்கள், உன் அக்காவைப் போல. நூறு நாள் வேலை என்கிற தொழிலுறுதித் திட்டத்திலும் அப்படித்தான். முன்பு கூலிச் செலவு முழுவதும் மத்திய அரசுடையது. 2025 டிசம்பரில் வந்த புதிய சட்டத்தில் அதுவும் 60:40 ஆகிவிட்டது. பஞ்சாயத்து ஆபீசில் அந்தத் திட்டத்தை நம்பி ஒப்பந்தத்தில் இருக்கிற ஓவர்சியர்களும் அக்கவுண்டன்ட்களும் இப்போது கவலையில் இருக்கிறார்கள்.

இதனால் திட்ட வேலையே வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்தால் போ. அனுபவம் வரும், வீட்டில் சும்மா இருப்பதைவிட நல்லது. ஆனால் சேர்கிற அன்றே கேட்டுவிடு: சம்பளம் எந்த ஹெட்டில் வருகிறது, ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது, கடைசியாகச் சம்பளம் எந்த மாதம் கொடுத்தீர்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு கிடையாது. பக்கத்து மேஜையில் இருப்பவரைக் கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

இனி பி.எஸ்.சி. விஷயம். நிரந்தரப் பணியிடங்கள் இன்னும் நிரப்பப்படுகின்றன. மே 31-ஐப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அன்றைக்குக் காலியாகும் நாற்காலிகள்தான் உன் வாய்ப்பு. பணமில்லாத அரசு புதுப் பணியிடங்களை உருவாக்காது. ஓய்வு பெற்றவர் இடத்தைக் காலி என்று பி.எஸ்.சி.க்கு அறிவிப்பதையும் முடிந்தவரை தாமதிக்கும். ரேங்க் லிஸ்டில் பெயர் வந்துவிட்டது என்று இனிப்புக் கொடுத்துவிடாதே. லிஸ்டின் ஆயுள் அதிகபட்சம் மூன்று வருஷம். அதற்குள் அட்வைஸ் (உன்னை வேலைக்கு எடுக்கச் சொல்லும் பி.எஸ்.சி.யின் பரிந்துரை) வரவில்லை என்றால் லிஸ்டோடு பெயரும் போகும். லிஸ்ட் முடிகிற நேரத்தில் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற படத்தைப் பேப்பரில் பார்த்திருப்பாய். லிஸ்டில் கீழே இருக்கிற ரேங்க்குக்கு இந்தக் காலத்தில் மதிப்பில்லை. மேலே வரவேண்டும்.

தமிழ் மீடியத்தில் படித்தவர்கள் என்ற முறையில் நமக்கு ஒரு தனி வாசல் இருக்கிறது, நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அது தெரியவில்லை. "கிளார்க் (தமிழும் மலையாளமும் தெரிந்தவர்)" என்று பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்குத் தனியாக அறிவிப்பு வரும். 1956-ல் மொழிவாரியாகப் பிரித்தபோது சித்தூரும் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. அங்கே இருக்கும் மக்களுக்குத் தமிழில் கடிதம் எழுதவும் தமிழ் மனுவைப் படிக்கவும் ஆள் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பணியிடம் இது. பொதுவான எல்.டி. கிளார்க் பரீட்சைக்கு லட்சக்கணக்கில் எழுதுகிறார்கள். இதற்குப் போட்டி அதைவிடப் பல மடங்கு குறைவு. இடமும் குறைவுதான், மறைக்கவில்லை. அதனால் இதை மட்டும் நம்பாதே, இதை விட்டும்விடாதே.

அப்புறம், மலையாளம் படி. பேச வரும் என்பாய். நம் ஊரில் எல்லோருக்கும் பேச வரும். எழுத வருமா? ஒரு ஃபைலில் நான்கு வரி நோட் எழுத வருமா? நான் சேர்ந்த புதிதில் எனக்கு வரவில்லை. முதல் வாரம் ஒரு மனுவின்மேல் குறிப்பு எழுதச் சொன்னார்கள். "ர"வும் "ற"வும் குழம்பி, மூன்று முறை கிழித்துப் போட்டு எழுதினேன். பக்கத்தில் இருந்த சேச்சி ஒருவர் ஒன்றும் சொல்லாமல் தன் பழைய ஃபைல் ஒன்றை எடுத்து என் மேஜையில் வைத்தார். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆபீஸ் மலையாளம் கற்றேன். மலையாளம் படிக்காமல் பணியில் சேர்பவர்கள் தகுதிகாண் காலத்துக்குள் மலையாளத் தேர்வு எழுதவேண்டி வரும். எப்படியும் படிக்க வேண்டியதை இப்போதே படித்தால் பரீட்சைக்கும் உதவும். தினம் ஒரு பக்கம் மலையாளப் பேப்பரை வாசித்து ஐந்து வரி பார்த்தெழுது, போதும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். பி.எஸ்.சி.யின் துளசி பக்கத்தில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. பரீட்சைக்கு முன்பு, எழுதப்போகிறேன் என்று கன்ஃபர்மேஷன் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, விண்ணப்பமும் போச்சு. போன தடவை வாசகசாலைப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இப்படி ஆனது. ஃபோன் நம்பர் மாற்றிவிட்டார்கள், மெசேஜ் பழைய நம்பருக்குப் போயிருந்தது.

உன் அக்காவின் நிலை உன்னுடையதைவிடக் கடினம். அதை நேராகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். தமிழ் ஆசிரியர் வேலை இரண்டு பக்கமும் இறுகுகிறது. கல்லூரியில் 2020 ஏப்ரல் உத்தரவுப்படி ஒரு புதுப் பணியிடத்துக்கு வாரம் 16 மணி நேரம் பாடம் இருக்க வேண்டும், எம்.ஏ. வகுப்பு மணிக்குக் கொடுத்த கூடுதல் கணக்கையும் எடுத்துவிட்டார்கள். செலவைக் குறைக்க வந்த உத்தரவு அது, சிறிய துறைகளுக்குத்தான் அடி. பள்ளியில், திறந்த ஆறாவது வேலைநாளில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தலையை எண்ணித்தான் பணியிடத்தை நிர்ணயிக்கிறார்கள். தமிழ் மீடியம் டிவிஷனில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியரும் குறைவார். இதற்கு மத்திய அரசையும் மாநில அரசையும் மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேன் வைத்து இங்கிலீஷ் மீடியத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் நாம்தான். தமிழ் மீடியம் ஆசிரியரின் பிள்ளையே அந்த வேனில் போகிறதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ஆனால் வழி அடைபட்டுவிடவில்லை. தமிழ் மீடியம் எல்.பி., யு.பி., ஹைஸ்கூல் தமிழ் ஆசிரியர் அறிவிப்புகள் பி.எஸ்.சி.யில் வருகின்றன. அக்கா கே-டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வை முடித்தாளா? ஹையர் செகண்டரிக்கு செட் என்கிற தகுதித் தேர்வு வேண்டும். பி.எட்.டைப் பொள்ளாச்சியிலோ கோயமுத்தூரிலோ முடித்திருந்தால் கேரளப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஈக்விவலன்சி (இங்குள்ள பட்டத்துக்கு இணை என்ற சான்றிதழ்) வாங்கி வைக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு வரும்போது ஓடினால் கிடைக்காது. கல்லூரி ஆசிரியருக்கான யு.ஜி.சி. நெட் தேர்வையும் எழுதட்டும். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயோடு ஆராய்ச்சி செய்யலாம். நெட் மட்டும் தேறினாலும் கெஸ்ட் லெக்சரராகப் போகலாம். அதற்குத் திருச்சூரில் கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தில் பேனலில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் நேரே கல்லூரிக்குப் போய் இன்டர்வியூவில் திரும்பி வந்த பெண்களை எனக்குத் தெரியும்.

மத்திய அரசு வேலைகளைப் பற்றிச் சுருக்கமாக: எஸ்.எஸ்.சி. (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) நடத்துகிற எம்.டி.எஸ். (பல்நோக்குப் பணியாளர்) பரீட்சையையும் ரயில்வே பரீட்சைகளையும் தமிழிலேயே எழுதலாம். கிராம வங்கித் தேர்வில் அந்தந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பார்கள். தமிழ்நாடு கிராம வங்கிக்கு நீ தாராளமாக விண்ணப்பிக்கலாம். தபால் துறையின் ஜி.டி.எஸ். (கிராமத் தபால் ஊழியர்) வேலைக்கும் தமிழ்நாடு வட்டம் உனக்குப் பொருந்தும், கேரள வட்டத்துக்கு மலையாளம் படித்திருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: டி.என்.பி.எஸ்.சி. எழுதினால் கேரளத்தில் வாங்கிய சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது, பொதுப் பிரிவில்தான் வருவாய். சொந்தக்காரர்கள் எல்லோரும் பொள்ளாச்சியில் இருந்தாலும் சட்டம் நம்மை வேறு மாநிலத்தவர் என்றுதான் பார்க்கும்.

அப்பா சொன்ன கோயமுத்தூர். அவர் சொன்னது சரி, "ஏதாவது கம்பெனி" என்பது மட்டும் சரியில்லை. பி.காம். படித்த உனக்கு அங்கே பம்ப் கம்பெனி, ஃபவுண்டரி, ஜவுளிக்கடை, ஆடிட்டர் ஆபீஸ் என்று எங்கேயும் இடம் உண்டு, டேலியும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் கையில் இருந்தால். நான் ஆடிட்டர் ஆபீசைச் சொல்வேன். முதல் வருஷம் சம்பளம் குறைவாகத்தான் கொடுப்பார்கள், ஆனால் இருபது விதமான வியாபாரத்தின் கணக்கு உன் கை வழியாகப் போகும். வேலந்தாவளத்திலும் கோபாலபுரத்திலும் வணிகவரிச் செக்போஸ்ட் இருந்த காலத்தில் நம் பையன்கள் நிறையப் பேர் அங்கே பில் கிளியர் செய்து கொடுத்துப் பிழைத்தார்கள். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தது, அந்தத் தொழில் போனது. அவர்களில் கணக்கு தெரிந்த சிலர் அதே ஜி.எஸ்.டி.யைக் கற்றுக்கொண்டு இன்றைக்கு இரண்டு மாநில வியாபாரிகளுக்கும் ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறார்கள். முதலமடை மாங்காய் மண்டிக்காரரிடம் மலையாளத்திலும், பொள்ளாச்சித் தேங்காய் வியாபாரியிடம் தமிழிலும் பேசிக் கணக்கு முடிக்க நம் ஊர்ப் பிள்ளையால்தான் முடியும்.

கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையையும் மறக்காதே. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை பாலக்காட்டுத் தொழில் நகரத்துக்கு ஒப்புதல் கொடுத்தது, நம் மாவட்டத்துப் புதுச்சேரி பஞ்சாயத்துப் பக்கம் 1,710 ஏக்கர். கம்பெனிகள் வந்து ஆள் எடுக்க வருஷங்கள் ஆகும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இப்போதே இருக்கிற தொழிற்சாலைகளில் பட்டதாரிகளுக்கு அப்ரண்டிஸ் உண்டு. மத்திய அரசின் அப்ரண்டிஸ் பயிற்சித் தளமான நேட்ஸில் பதிந்தால் போதும். 2019 விதிப்படி குறைந்தது 9,000 ரூபாய் உதவித்தொகை, அதில் பாதியை அரசு தருகிறது. ஒரு வருஷம் முடித்த சான்றிதழுக்கு மதிப்பு உண்டு.

வீட்டில் உட்கார்ந்து முழுநேரமாகப் படிக்கிறேன் என்று மட்டும் சொல்லாதே. மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பில் கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்காரர்களின் வேலையின்மை விகிதம் 29.9 சதவீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 47.1. நாடு முழுவதற்கும் 10.2 தான். இந்தப் பெண்களில் எத்தனையோ பேர் நன்றாகப் படித்து, நல்ல வேலை வரட்டும் என்று காத்திருப்பவர்கள் என்பது நான் பார்த்தவரையில் என் கணிப்பு. காத்திருக்கும் வருஷங்களில் கல்யாணப் பேச்சு வந்துவிடும், அதோடு புத்தகம் பரணில் ஏறிவிடும். கையில் மாதம் பத்தாயிரம் வந்தாலும் போதும், வீட்டில் உன் பேச்சுக்கு ஒரு கனம் வரும், பரீட்சைக்கு இன்னும் இரண்டு வருஷம் கேட்டு வாங்க முடியும். காலை ஐந்து முதல் ஏழு வரை படி. பஸ்ஸில் கோயமுத்தூர் போக ஒன்றேகால் மணி நேரம் ஆகிறதா, அதில் பழைய வினாத்தாள் பார். ஞாயிறு முழுக்கப் பரீட்சைக்கு.

பொதுப் பிரிவில் 36 வயது வரை பெரும்பாலான பி.எஸ்.சி. பரீட்சைகளை எழுதலாம், பிற்படுத்தப்பட்டோருக்கு 39 வரை. ஆனால் மூன்று வருஷம் முழு மூச்சாக முயற்சி செய்துவிட்டு, அப்புறம் எந்த வேலையில் இருக்கிறாயோ அதில் மேலே போகப் பார். பி.எஸ்.சி.யை ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.

இந்த வாரம் இதைச் செய். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் உன் டிகிரியைச் சேர்த்துவிடு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற மாதத்தை எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி வை. வில்லேஜ் ஆபீசில் நேட்டிவிட்டி, வருமானச் சான்றிதழ், நான்-கிரீமிலேயர் மூன்றுக்கும் எழுதிக் கொடு. துளசியில் பெயரும் பிறந்த தேதியும் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார். தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் எழுதும்போது இனிஷியல் முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில் என்று நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் மாறியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு வாசகசாலைக்கு வா. அக்காவையும் கூட்டி வா, அவளுடைய பி.எட். சான்றிதழ் எந்தப் பல்கலைக்கழகம் என்று பார்த்துவிட்டு ஈக்விவலன்சி விண்ணப்பத்தை அன்றைக்கே உட்கார்ந்து நிரப்பிவிடலாம்.